கையொப்பத்தின் விலை: லீ டி ஃபாரஸ்டும் வானொலியின் தொடக்கக் காலமும்

கையொப்பச் சேகரிப்பு என்னும் வணிகத்தில் கண்டுபிடிப்பாளர்களுக்கு நெடுங்காலமாகத் தனியிடம் உண்டு. வானொலியின் முதல் தலைமுறையைச் சேர்ந்த மார்க்கோனி, ஃபெசன்டன், ஆர்ம்ஸ்ட்ராங், டி ஃபாரஸ்ட் ஆகியோரின் கைப்பட்ட தாள்களை வானொலி ஆர்வலர்களும் அறிவியல் வரலாற்றில் ஈடுபாடு கொண்டோரும் இன்றும் தேடி வாங்குகின்றனர். இவர்களுள் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1873 முதல் 1961 வரை நெடுநாள் வாழ்ந்தவர், புகழை வெளிப்படையாக விரும்பியவர், முதுமையில் புகைப்படங்களிலும் தம் நூலின் பிரதிகளிலும் ஒப்பமிட்டுத் தந்தவர் என்பதால் அவருடைய கையொப்பம் சந்தையில் அடிக்கடி தென்படுகிறது. ஆனால் அது நினைவுப் பொருளாக மாறுவதற்கு முன் பல்லாண்டுக் காலம் வேறு வேலைகளைச் செய்தது: காப்புரிமை ஆவணங்களில் ஒரு கருவியைத் தமதென்று நிலைநாட்டியது; பங்கு வாங்க வந்த எளிய மக்களுக்கு நம்பிக்கையூட்டியது; குற்றவியல் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்பட்டது; இறுதியில், அவர் படைத்தவற்றுள் மிகச் சிறந்ததை அதன் மதிப்பின் ஒரு சிறு பகுதிக்குக் கைமாற்றிக் கொடுத்தது. வானொலி ஒரு தொழிலாக எவ்வாறு உருவாயிற்று என்பதை இத்தகைய தாள்களின் வழியே பின்தொடர முடியும் என்பதால், முதுமைக் காலப் புகைப்படங்களைவிட இவையே கூடுதல் கவனத்துக்கு உரியவை.

டி ஃபாரஸ்ட் என்னும் பெயர் அதைத் தாங்கியவருக்கு இளமையிலேயே உதவியது. அயோவா மாநிலத்துக் கவுன்சில் பிளஃப்ஸில் பிறந்த அவர், கிறித்தவப் போதகரான தந்தை அலபாமா மாநிலத்தின் டாலடீகாவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றின் தலைவராகப் பொறுப்பேற்றதால், அவ்வூர் வெள்ளையர்கள் ஒதுக்கிவைத்த குடும்பத்தில் வளர்ந்தார். 1893-இல் யேல் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பள்ளியில் அவர் சேர முடிந்ததற்கு, அக்குடும்பப் பெயரைக் கொண்டவர்களுக்கென மூதாதையர் ஒருவர் ஏற்படுத்தியிருந்த உதவித்தொகையே காரணம். அங்கு ஹெர்ட்ஸ் அலைகளை, அதாவது இன்று வானொலி அலைகள் எனப்படுபவற்றை, ஆராய்ந்து 1899-இல் முனைவர் பட்டம் பெற்றார். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. அதே துறையில் அவரை மிஞ்ச வேண்டும் என்னும் வேட்கை இந்த ஏழை மாணவரிடம் அன்றே குடிகொண்டிருந்தது.

அந்த வேட்கைக்குப் பணம் தந்தவர் ஏப்ரகாம் ஒயிட் என்னும் பங்கு வணிகர். 1902-இல் இருவரும் இணைந்து தொடங்கிய நிறுவனம், பின்னர் உருமாறி, அமெரிக்கன் டி ஃபாரஸ்ட் ஒயர்லெஸ் டெலிகிராஃப் கம்பெனி என்னும் பெயரில் நிலைபெற்றது. ஒயிட் விற்றது தந்திச் சேவையை அன்று, பங்குகளை. செய்திகளை அனுப்பி ஈட்டும் வருவாயைக் காட்டிலும், வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதிகளைக் கேட்டுச் சிறு சேமிப்பாளர்கள் கொண்டுவந்து கொட்டிய தொகையே அந்நிறுவனத்தை நடத்தியது. வால் ஸ்ட்ரீட்டில் கம்பியில்லாக் கருவி பொருத்திய மோட்டார் வண்டி ஓட்டிக் காட்டப்பட்டது. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 300 அடி உயரக் கோபுரம் எழுப்பப்பட்டது. டி ஃபாரஸ்டின் கருவிகள் வெறும் வேடிக்கை என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது லண்டன் டைம்ஸ் இதழின் செய்தியாளர் கப்பலிலிருந்து செய்தி அனுப்பியது அவர் கருவியால்தான். அமெரிக்கக் கடற்படையும் அவரிடம் நிலையங்கள் அமைக்கச் சொன்னது. ஆயினும் பொறியியல் ஒரு நடை நடந்தால் பங்கு விற்பனை பத்து நடை முன்னே ஓடியது. கண்டுபிடிப்பாளரின் பெயர் அந்த ஓட்டத்தின் கொடியாக இருந்தது.

1906-இல் இந்த ஏற்பாடு உடைந்தது. அலைகளை உணரும் கருவி ஒன்றில் ரெஜினால்ட் ஃபெசன்டனின் காப்புரிமையை மீறியதாக நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் டி ஃபாரஸ்ட் வெளியேறினார். பிரிவின்போது அவருக்குக் கிடைத்தவை 1000 டாலரும், அப்போது யாரும் பொருட்படுத்தாத சில காப்புரிமை விண்ணப்பங்களும்தாம். பெயரைக் கொடியாக்கிய நிறுவனம் யுனைடெட் ஒயர்லெஸ் என்னும் மற்றொன்றில் கரைந்தது. அதன் தலைவர் பங்கு மோசடிக்காக 1911-இல் தண்டிக்கப்பட்டு, மறு ஆண்டு அட்லாண்டா சிறையில் இறந்தார்.

யாரும் பொருட்படுத்தாத அந்த விண்ணப்பங்களில்தான் ஆடியான் என்னும் கருவியின் தொடக்க வடிவம் இருந்தது. ஆங்கிலேயரான ஃபிளெமிங் 1904-இல் அமைத்த வால்வில் இரண்டு உறுப்புகள் இருந்தன: சூடேறி எலக்ட்ரான்களை வெளிவிடும் இழை ஒன்று, அவற்றை ஏற்கும் உலோகத் தகடு மற்றொன்று. அது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டது. டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் இடையில், வளைத்து வளைத்து மடித்த மெல்லிய கம்பியை மூன்றாம் உறுப்பாக நுழைத்தார். கிரிட் எனப்பட்ட அந்தக் கம்பியில் ஏற்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம், தகட்டை அடையும் மின்னோட்டத்தில் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. பிற்காலத்தில் ஒவ்வொரு வால்வு ரேடியோவின் உள்ளேயும் ஒளிர்ந்த குமிழ்கள் இதன் வழித்தோன்றல்களே. தொடக்கக் கால ஆடியானைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய ஒரு சிறிய மின்விளக்குதான்: நியூயார்க்கில் மோட்டார் வண்டி விளக்குகள் செய்துவந்த மெக்கேண்ட்லெஸ் என்பவரின் பட்டறையில் ஊதப்பட்ட உருண்டைக் கண்ணாடி, அடியில் திருகு அடித்தளம், உள்ளே ஓர் இழை எரிந்துபோனால் மாற்றிக்கொள்ள இரண்டாம் இழை, கண்ணாடியின் மறுமுனையில் கிரிட்டுக்கும் தகட்டுக்கும் எனத் தனியே வெளிவரும் கம்பிகள்.

கிரிட்டுடன் கூடிய அமைப்புக்கான விண்ணப்பம் 1907 ஜனவரி 29 அன்று அளிக்கப்பட்டு, 1908 பிப்ரவரி 18 அன்று 879532 என்னும் எண்ணில் காப்புரிமையாயிற்று. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை கோருபவர் தம் விளக்கவுரையில் ஒப்பமிட வேண்டும், அந்த ஒப்பத்துக்கு இருவர் சாட்சியம் அளிக்க வேண்டும். வரைபடத் தாளின் அடியிலும் ஒரு புறம் சாட்சிகளின் பெயர்களும் மறுபுறம் கண்டுபிடித்தவர் பெயரும் இடம்பெறுவது வழக்கம். தாம் சொல்வது தம் அறிவுக்கு எட்டிய வரையில் உண்மை, இதை முதலில் கண்டவர் தாமே என்று உறுதிமொழியும் கொடுத்தாக வேண்டியிருந்தது. டி ஃபாரஸ்டைப் பொறுத்தவரை இந்த உறுதிமொழியின் முதற்பாதியே சிக்கலானது. கருவி வேலை செய்தது. எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் சரியாக அறிந்திருக்கவில்லை. குமிழுக்குள் எஞ்சியிருக்கும் வாயுவின் அயனிகளே அதற்கு அடிப்படை என்று அவர் நம்பினார். வாயுவை முழுமையாக நீக்கினால்தான் கருவி நம்பகமாகும் என்பதைப் பின்னாளில் நிறுவியவர்கள் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் ஹெரால்ட் ஆர்னால்டும் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இர்விங் லாங்மியூரும் ஆவர். ஒருவர் ஒப்பமிட்ட கருவியை மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது அவருடைய சாதனையைச் சிறிதாக்கிவிடாது. ஆனால் அடுத்து வந்த இருபது ஆண்டு வழக்குகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் இருந்தது.

1907-இல் அவர் குரலையே அலைகளில் அனுப்பும் நோக்கத்துடன் ரேடியோ டெலிபோன் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் ஈஃபில் கோபுரத்திலிருந்து இசை ஒலிபரப்பிப் பார்த்தார். 1910 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கின் மேடையிலிருந்து புகழ்பெற்ற பாடகர் கருஸோவின் பாட்டை வான்வழி அனுப்பினார். ஒலி மங்கலாகவே கேட்டது, கேட்டவர்களும் சிலரே. எனினும் இசையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் எண்ணத்தில் அவர் தம் காலத்தவர் பலரையும் முந்திவிட்டார் என்பதில் ஐயமில்லை. வணிகத்தில் இந்த நிறுவனமும் முந்தையதன் வழியிலேயே சென்றது: பங்குகள் விற்றன, கருவிகள் விற்கவில்லை. அது நொடித்தபின் அவர் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஃபெடரல் டெலிகிராஃப் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தார். ஆடியான் ஒரு பெருக்கி, அதாவது நலிந்த மின்குறியை வலிமையாக்கித் தரும் கருவி, என்பது அங்கேதான் 1912-இல் தெளிவாக வெளிப்பட்டது. அதே ஆண்டில்தான், ரேடியோ டெலிபோன் கம்பெனியின் பங்குகளை விற்க அஞ்சல் துறையைப் பயன்படுத்தி மக்களை ஏமாற்றியதாக, அவர்மீதும் கூட்டாளிகள்மீதும் கூட்டாட்சி அரசு வழக்கும் தொடுத்தது.

இந்த வழக்கு 1913-இன் இறுதியில் நியூயார்க்கில் விசாரணைக்கு வந்தது. வானொலி வரலாற்றில் கையொப்பம் என்பது நேரடியாகக் குற்றச்சாட்டின் கருவாக அமைந்த தருணம் இது. சில ஆண்டுகளுக்குள் மனிதக் குரலை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட முடியும் என்று டி ஃபாரஸ்ட் பல செய்தித்தாள்களில் தம் கையொப்பத்தின் பேரிலேயே கூறியிருக்கிறார், அறிவுக்குப் பொருந்தாத அந்தக் கூற்றை நம்பியே மக்கள் பங்குகளை வாங்கி ஏமாந்தனர் என்பது அரசுத் தரப்பின் வாதம். நிறுவனத்தின் முக்கியச் சொத்தாகக் காட்டப்பட்ட ஆடியான், மின்விளக்கைப் போன்ற ஒரு விசித்திரப் பொருள், எதற்கும் பயன்படாதது என்றும் அத்தரப்பு எடுத்துரைத்தது. கூட்டாளிகளுள் இருவர் தண்டிக்கப்பட்டனர். டி ஃபாரஸ்ட் விடுவிக்கப்பட்டார். பங்கு விற்பனையில் நடந்த அநீதி உண்மையானது, ஏமாந்தவர்களின் இழப்பும் உண்மையானது. அவர் அதைப் பற்றி அறியாதவராகவே இருந்தார் என்று நம்புவது எளிதன்று. ஆனால் எந்தக் கூற்றை அரசுத் தரப்பு ஏமாற்று என்று சுட்டியதோ அது பொய்யாகவில்லை. 1915 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் நிலையத்திலிருந்து பேசிய குரல் பாரிஸில் ஈஃபில் கோபுரத்தில் கேட்டது. அதைச் சாத்தியமாக்கியது நூற்றுக்கணக்கில் அடுக்கிவைக்கப்பட்ட, ஆடியானிலிருந்து வளர்ந்த குழல்கள்.

அந்தச் சோதனையை நடத்தியது டி ஃபாரஸ்ட் அல்லர், ஏ.டி. அண்ட் டி. நிறுவனம். நியூயார்க்குக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிக் கம்பி இட வேண்டுமானால், தொலைவில் நலிந்துபோகும் குரலை வழியிலேயே வலுப்படுத்தும் பெருக்கி அதற்குத் தேவைப்பட்டது. 1912 அக்டோபரில் டி ஃபாரஸ்ட் தம் கருவியை அந்நிறுவனப் பொறியாளர்களிடம் இயக்கிக் காட்டினார். அதன்பின் மாதக்கணக்கில் அவர்களிடமிருந்து பேச்சில்லை. 1913 கோடையில், குற்ற வழக்கு தலைக்குமேல் தொங்கிக் கையில் காசில்லாமல் இருந்த நிலையில், யாருக்காக வருகிறார் என்று வெளியிடாத வழக்கறிஞர் ஒருவர் வந்து பேரம் பேசினார். கம்பிவழித் தொலைபேசியில் ஆடியானைப் பயன்படுத்தும் உரிமையை டி ஃபாரஸ்ட் 50,000 டாலருக்கு எழுதிக்கொடுத்தார், வாங்கியது ஏ.டி. அண்ட் டி. என்பதும், அதைப்போல் பத்து மடங்கு தொகை கொடுக்கவும் அது அணியமாக இருந்தது என்பதும் பிறகே அவருக்குத் தெரியவந்ததாகக் கூறப்படுகிறது. 1914-இல் வானொலிப் பயன்பாட்டுக்கான உரிமை 90,000 டாலருக்கும், 1917-இல் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி 2,50,000 டாலருக்கும் கைமாறின. 1915 ஜனவரி 25 அன்று கண்டம் கடந்த தொலைபேசித் தடம் பெருவிழாவாகத் திறக்கப்பட்டபோது கண்டுபிடித்தவரின் பெயர் அங்கு முன்னிறுத்தப்படவில்லை.

அதே 1913-இல், வேறொரு தாளில் வேறொருவர் இட்ட ஒப்பமும் இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங், ஆடியானின் தகட்டுப் பக்கத்து மின்னோட்டத்தில் ஒரு பகுதியை மீண்டும் கிரிட்டுக்கே திருப்பி அனுப்பினால் குறி பல நூறு மடங்கு வலுப்படும் என்று கண்டார். மீளூட்டம் எனப்படும் இம்முறையில் ஓர் எல்லையைக் கடந்தால் குழல் தானே அலைகளை உற்பத்தி செய்யத் தொடங்கும் என்பதால், வாங்கும் கருவியும் அனுப்பும் கருவியும் ஒன்றிலிருந்தே பிறந்தன. காப்புரிமைக்கான செலவைத் தரத் தந்தை மறுத்துவிட, உறவினரின் அறிவுரைப்படி தம் சுற்றமைப்பை ஒரு தாளில் வரைந்து, 1913 ஜனவரி 31 அன்று சான்றுறுதி அலுவலர் ஒருவரிடம் 25 சென்ட் கொடுத்து ஒப்பமும் நாளும் பதிவுசெய்தார். குழல், சுருள், மின்கலம் என்று சில கோடுகளே கொண்ட அந்தச் சிறு படத்தில், பின்னாளின் வானொலிப் பெட்டிகள் பலவற்றின் அடிப்படையும் அடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையே ஆடியான் இயங்கும் முறையை முதன்முதலாகத் தெளிவாக விளக்கியது.

டி ஃபாரஸ்ட் தரப்பு இதற்கு எதிராக முன்வைத்தது பாலோ ஆல்டோ ஆய்வகத்தின் குறிப்பேட்டை. 1912 ஆகஸ்ட் 6 எனத் தேதியிட்ட குறிப்பு, பெருக்கிச் சுற்றில் ஊளையொலி எழுந்ததையும் அதற்குரிய இணைப்பையும் பதிவுசெய்திருந்தது. தேதியை மட்டும் பார்த்தால் குறிப்பேடு முந்தியது. ஆனால் அன்று அந்த ஒலி தொலைபேசிப் பெருக்கியில் நீக்கப்பட வேண்டிய தொல்லையாகவே கருதப்பட்டது, அதன் பொருளை உணர்ந்து வானொலிக்குப் பயன்படுத்தியவர் ஆர்ம்ஸ்ட்ராங் என்பது பொறியாளர்களில் மிகப் பலரின் முடிவு. தொடக்கத்தில் நீதிமன்றங்களும் அவ்வாறே கூறின. 1924-க்குப் பின் காற்று திசைமாறியது. 1928-இலும், இறுதியாக 1934 மே மாதத்திலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி கார்டோசோ எழுதிய அத்தீர்ப்பு தாளிலிருந்த நாள்களையும் சொற்களையும் நுணுக்கமாக எடைபோட்டது; அவற்றை எழுதியவர்களின் புரிதலைப் போதிய அளவு எடைபோடவில்லை என்று கூறுவதே நியாயமாகும். அதே மாதத்தில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் மாநாட்டில் ஆர்ம்ஸ்ட்ராங், அக்கழகம் தமக்கு முன்னர் அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். கழகம் வாங்க மறுத்து, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று உறுதிசெய்தது.

இவ்வழக்கில் வென்றும் டி ஃபாரஸ்ட் விரும்பிய இடம் அவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. திரைப்படச் சுருளிலேயே ஒலியைப் பதிக்கும் ஃபோனோஃபிலிம் முறையை 1923-இல் நியூயார்க்கில் காட்டினார். அதன் பயனையும் பெரிய நிறுவனங்களே அடைந்தன. விளம்பரங்களாலும் தரக்குறைவான இசையாலும் தம் குழந்தையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று 1946-இல் வானொலி நிலையத்தாரைக் கடிந்து கடிதம் எழுதினார். மேடை இசையை வீடுகளுக்குக் கொண்டுசெல்லப் பாடுபட்டவரின் உண்மையான வருத்தம் அது. 1950-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு வானொலியின் தந்தை என்று அவரே தலைப்பிட்டார். இன்று சேகரிப்பாளர்களிடையே புழங்கும் கையொப்பங்களில் கணிசமானவை இந்தக் காலத்தவை.

இவற்றை வாங்குவோர் தாள்களைத் தரம் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முழுவதும் கைப்பட எழுதி ஒப்பமிட்ட கடிதம் முதல் நிலையிலும், தட்டச்சில் அடித்து ஒப்பம் மட்டும் இட்ட கடிதம் அடுத்தும், படங்களும் நூல்களும் அதன்பின்னும், கடிதத்திலிருந்து வெட்டியெடுத்த வெறும் கையொப்பம் கடைசியிலும் வைக்கப்படுகின்றன. கடிதத்தின் பொருள் முக்கியமானதாக இருந்தால் இந்த வரிசை மாறும். பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில் என்பதால், 1920-களின் தேதி தாங்கிய தாளில் அத்தகைய மை காணப்பட்டால் அது போலி என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். பங்குப் பத்திரங்களில் ஏமாறும் வாய்ப்பு இன்னும் மிகுதி: அழகிய வேலைப்பாட்டுடன் அச்சிடப்பட்ட அத்தாள்களில் டி ஃபாரஸ்டின் பெயர் நிறுவனப் பெயராகப் பெரிய எழுத்தில் இருக்கும், அடியில் ஒப்பமிட்டவர் பெரும்பாலும் நிறுவனத் தலைவரும் செயலாளருமாகிய வேறு இருவராக இருப்பர். தொடக்கத்தில் பங்கு வாங்கியவர்களைப் போலவே இன்று பத்திரம் வாங்குபவரும் பெயரைக் கண்டு, ஒப்பத்தைப் பாராமல் பணம் கொடுத்துவிடக்கூடும்.

வரலாற்றுக்கு மிகவும் தேவையான தாள்கள் தனியார் பேழைகளில் சிதறிப்போகாமல் தப்பியது நற்பேறு. 1961 ஜூன் 30 அன்று ஹாலிவுட்டில் டி ஃபாரஸ்ட் இறந்தபின், பேசாப்பட நடிகையாக விளங்கிய அவருடைய மனைவி மேரி மோஸ்கினி, கணவரின் ஆவணங்களைக் கலிஃபோர்னியாவிலிருந்த பெர்ஹாம் மின்னணுவியல் அறக்கட்டளைக்கு அளித்தார். அத்தொகுப்பு இப்போது சான் ஹோசே நகரின் வரலாற்று நிறுவனத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது.